செல்லுக்குச் சூடு காட்டிப் பார்ப்பது எப்படி?

37 டிகிரியில் வசதியாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்களை ஒரு மணி நேரம் 42 டிகிரியில் வைத்துவிட்டு, திரும்ப 37-க்கே கொண்டுவாருங்கள். ஆறு மணி நேரம் கழித்து அவற்றைக் கரைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் ஒன்றை மட்டும் அடையாளம் காட்டும் முறை) போட்டுப் பார்த்தால், முன்பு இருந்த இடமே தெரியாத ஒரு புரதம் தடித்த கறுப்புப் பட்டையாக வந்து நிற்கும். வித்தியாசம் ஐந்தே டிகிரி. அதற்குச் செல் கொடுக்கும் பதில் அவ்வளவு பெரியது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை பழக வருகிறவர்கள் கையில் நான் முதலில் கொடுக்கும் சோதனை இது. செல் வளர்ப்பு, நேரக் கணக்கு, ஜெல், ஆன்டிபாடி, ஒப்பிடுவதற்குச் சூடு படாத கண்ட்ரோல் வைப்பது என்று அடிப்படை வேலைகள் எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன. முடிவும் பளிச்சென்று தெரியும். ஆனால் சூட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இதில் இறங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். செல் கணக்கெடுப்பது மடிப்புக் குலைந்த புரதங்களை. அந்தக் குலைவுக்குச் சூடு ஒரு காரணம், அவ்வளவுதான். இது பிடிபட்டுவிட்டால் கீழே நான் பிடிவாதமாகச் சொல்லப்போகும் சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் காரணம் தானே விளங்கும்.

உள்ளே நடப்பது என்ன

புரதம் என்பது அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலி. அது தனக்குரிய வடிவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். அந்த வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் பிணைப்புகள் பெரும்பாலும் பலவீனமானவை. வெப்பம் சில டிகிரி ஏறினாலே, ஏற்கெனவே ஆட்டம் காணும் நிலையில் இருக்கும் புரதங்கள் பிரியத் தொடங்கும். இப்போதுதான் கட்டப்பட்டு இன்னும் மடிந்து முடியாத இளம் சங்கிலிகள் இதில் முதலில் மாட்டும். உள்ளே மறைந்திருக்க வேண்டிய எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகள் வெளியே தெரிய, ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். செல்லுக்கு ஆபத்து இந்தத் திரள்வில்தான்.

இதைத் தடுக்கச் சாதாரண நேரத்திலேயே செல்லில் சாப்பரோன் என்ற துணைப் புரதங்கள் இருக்கின்றன. ஹெச்எஸ்பி70, ஹெச்எஸ்பி90 போன்றவை அவை. ஹெச்எஸ்பி என்றால் வெப்ப அதிர்ச்சிப் புரதம். நாம் பட்டையாகப் பார்க்கப்போவது ஹெச்எஸ்பி70-ஐ. பெயரில் உள்ள எண், கிலோடால்டன் கணக்கில் அவற்றின் எடை. இவை பிரிந்துபோன பகுதிகளைப் பிடித்துக்கொண்டு, மறுபடி மடிய வாய்ப்புக் கொடுக்கின்றன. இவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஹெச்எஸ்எஃப்1 என்ற புரதத்தைப் பிடித்து அடக்கி வைத்திருப்பது. வெப்ப அதிர்ச்சி ஜீன்களை முடுக்கிவிடும் புரதம் அது.

சூடு ஏறிப் புரதங்கள் குலையும்போது சாப்பரோன்களுக்கு ஒரே நேரத்தில் பல பக்கமும் அழைப்பு. அவை அந்தப் பக்கம் போய்விட, ஹெச்எஸ்எஃப்1 விடுபடுகிறது. தனியாக இருந்தது மூன்று மூன்றாகச் சேர்ந்து, கருவுக்குள் டிஎன்ஏவில் ஜிஏஏ என்ற எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் போய் உட்காருகிறது. அதன்மேல் பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன. நிமிடங்களில் ஹெச்எஸ்பி70 ஜீனின் எம்ஆர்என்ஏ (புரதம் கட்டுவதற்காக ஜீனிலிருந்து எடுக்கும் படி) பெருகத் தொடங்கும். உருவான ஹெச்எஸ்பி70 போதுமான அளவு சேர்ந்ததும், கையில் வேலை குறைந்த சாப்பரோன்கள் மறுபடி ஹெச்எஸ்எஃப்1-ஐப் பிடித்து அடக்கிவிடும். யாரும் போய் நிறுத்த வேண்டியதில்லை.

இந்த வேகத்துக்காகச் செல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. பழ ஈயின் ஹெச்எஸ்பி70 ஜீனில், படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, சில பத்து எழுத்துகள் தூரம் நகர்ந்து, அங்கேயே காத்திருக்கிறது. உத்தரவு வந்ததும் புறப்பட வேண்டியதுதான். இந்த ஜீனில் இன்ட்ரான்களும் (படியெடுத்த பிறகு வெட்டி எறிய வேண்டிய இடைத்துண்டுகள்) கிடையாது. கடும் சூட்டில் இன்ட்ரானை வெட்டி எடுக்கும் இயந்திரமே பழுதாகிவிடும். வெட்ட வேண்டிய தேவையே இல்லாத ஜீனுக்கு அதனால் பாதிப்பில்லை. மற்ற புரதங்களைக் கட்டும் வேலை பெருமளவு குறைந்துவிடும் நேரத்திலும், ஹெச்எஸ்பி எம்ஆர்என்ஏக்களின் முன்பகுதி அமைப்பு அவற்றைப் புரதம் கட்டும் ரைபோசோமுக்கு வழக்கம்போல் அனுப்பிவைக்கிறது.

இதை முதலில் பார்த்தவர் ஃபெருச்சியோ ரிட்டோசா. இத்தாலியில், பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, வழக்கமில்லாத இடங்களில் உப்பல்கள் தெரிந்தன. ஜீன் மும்முரமாக வேலை செய்யும் இடம் அப்படி உப்பும். இன்குபேட்டரின் வெப்பத்தை யாரோ கூட்டிவைத்திருந்தார்கள். 1962-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் சூட்டோடு டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளும் அதே உப்பல்களை உண்டாக்கியதைச் சொல்லியிருந்தார். சூடு இல்லாமலே அதே பதில் வந்தது என்பது முதல் கட்டுரையிலேயே இருக்கிறது! அந்த உப்பல்களிலிருந்து வரும் புரதங்களை 1974-இல் டிஸ்ஸியேர், மிட்செல், டிரேசி மூவரும் ஜெல்லில் காட்டினார்கள். 1986-இல் ஆனந்தன், கோல்ட்பர்க், வெல்மி ஆகியோர் தவளையின் முட்டைச் செல்லுக்குள் மடிப்புக் குலைத்த புரதத்தை ஊசியால் செலுத்தினார்கள். சூடே காட்டாமல் ஹெச்எஸ்பி ஜீன் முடுக்கிவிடப்பட்டது. அதே புரதத்தைக் குலைக்காமல் செலுத்தியபோது அப்படி ஆகவில்லை. அந்தச் சோதனையைப் படிக்காமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

எந்தச் செல்

எலி ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) கிடைத்தால் அதையே எடுங்கள். என்ஐஹெச் 3டி3 என்ற ரகம் போதும். ஹீலா உள்ளிட்ட பல புற்றுச் செல் ரகங்களில் சூடு காட்டாமலே ஹெச்எஸ்பி70 கணிசமாக இருக்கும். அவற்றில் சோதனை செய்தால் பட்டை ‘கூடியதா, கூடவில்லையா’ என்று அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எலிச் செல்லில் ‘இல்லை’ என்பதும் ‘இருக்கிறது’ என்பதும் வெறும் கண்ணுக்கே தெரியும். பழகுகிறவருக்கு அந்தத் தெளிவு வேண்டும்.

செல்களை டி25 (25 சதுர சென்டிமீட்டர் தரை உள்ள) ஃபிளாஸ்க்குகளில் போடுங்கள். தட்டுகளைவிட ஃபிளாஸ்க் நல்லது. மூடியை இறுக்கித் தண்ணீருக்குள் அமிழ்த்தலாம். எல்லா ஃபிளாஸ்க்கிலும் ஒரே எண்ணிக்கையில், ஒரே நாளில் போட வேண்டும். சூடு காட்டும் நேரத்தில் தரை எழுபது எண்பது சதவீதம் மூடியிருந்தால் சரி.

டிரிப்சின் என்ற நொதி போட்டுத் தரையிலிருந்து பிரித்த செல்களுக்குக் குறைந்தது ஒரு முழு நாள் ஓய்வு கொடுங்கள். மீடியம் (செல் வளரும் சத்து நீர்) மாற்றுவதானால் முந்தின நாளே மாற்றிவிடுங்கள். சோதனை அன்று காலையில் புது மீடியம் ஊற்றுவது கூடாது. அதில் உள்ள புது சீரம் பட்டாலே ஹெச்எஸ்பி70 ஜீன் கிளம்பும் என்பது 1985-லேயே காட்டப்பட்டது. செல்லுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் காரியமும் அதற்கு ஒரு சேதிதான்.

சூடு

இன்குபேட்டரை 42-க்கு வைத்து அதற்குள் ஃபிளாஸ்க்கைத் தள்ளிவிடுவது எளிது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காற்று மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும். மீடியம் 42-ஐத் தொட நெடுநேரம் ஆகும், எவ்வளவு நேரம் என்பதும் ஒவ்வொரு முறை மாறும். கதவைத் திறந்தால் இறங்கும். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வித்தியாசம் இருக்கும். சூட்டைச் சீராக வைக்கும் தண்ணீர்த் தொட்டியான வாட்டர் பாத்-தான் சரி, அதுவும் தண்ணீரைச் சுழற்றும் வகை.

வாட்டர் பாத்தின் முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். செல் இல்லாத ஒரு டி25 ஃபிளாஸ்க்கில், சோதனை ஃபிளாஸ்க்குகளில் உள்ள அதே 5 மில்லிலிட்டர் மீடியம் ஊற்றுங்கள். மூடியில் துளையிட்டு, மெல்லிய வெப்பமானிக் கம்பியை மீடியத்துக்குள் இறக்கி, துளையை அடைத்துவிடுங்கள். இந்த ஃபிளாஸ்க்கும் மற்றவற்றோடு சேர்ந்தே தண்ணீருக்குள் போகட்டும். அதில் 42 காட்டும் நிமிடத்திலிருந்துதான் ஒரு மணி நேரக் கணக்குத் தொடங்குகிறது. முகப்பில் 42 என்று இருந்து உள்ளே 41-ஆக இருந்தால் பதில் மிகவும் சோர்ந்துவிடும். 43.5 ஆகிவிட்டால் சில ரகச் செல்கள் தரையை விட்டுக் கழன்று மிதக்கும். இந்தச் சோதனை முழுவதிலும் அரை டிகிரிக்கு இருக்கும் மதிப்பு வேறெதற்கும் இல்லை.

ஃபிளாஸ்க்கின் மூடி காற்றுப் புகும் வடிகட்டி மூடியாக இருக்கக் கூடாது. முழு மூடியை இறுக்கி, மேலே பாராஃபில்மை இரண்டு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். இறுக்குவதற்கு முன் இன்குபேட்டரில் மூடி தளர்ந்த நிலையில் இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே கார்பன் டைஆக்சைடு நிறைந்த காற்று அடைபடும். வெளியே எடுத்த ஃபிளாஸ்க்கில் மீடியம் செம்மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் போவதைப் பார்த்தால், பிஹெச் ஏறுகிறது, செல்லுக்கு இன்னொரு நெருக்கடி சேர்கிறது என்று அர்த்தம். மீடியத்தில் பிஹெச்சை நிலைநிறுத்தும் ஹெப்பீஸை 20 மில்லிமோலார் அளவில் சேர்த்துக்கொண்டால் இந்தக் கவலை பெரிதும் தீரும். முந்தின நாள் ஊற்றும் மீடியத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

பாதி காற்று நிரம்பிய ஃபிளாஸ்க் மிதக்கும். சாய்ந்து மிதந்தால் செல்களில் ஒரு பகுதி மீடியத்துக்கு வெளியே வந்துவிடும். எடை வளையத்தை வைத்து, தட்டையாக, செல்கள் கீழே இருக்குமாறு அமிழ்த்துங்கள்.

கண்ட்ரோல் ஃபிளாஸ்க்கை இன்குபேட்டருக்குள்ளேயே விட்டுவைப்பது எல்லோரும் செய்யும் காரியம். அதை நான் கண்ட்ரோலாகவே எண்ணுவதில்லை. சூடு காட்டிய ஃபிளாஸ்க் மூடப்பட்டது, தூக்கி ஆட்டப்பட்டது, தண்ணீரில் அமிழ்ந்தது, ஒரு மணி நேரம் புதுக் காற்றில்லாமல் இருந்தது. கண்ட்ரோலும் அத்தனையும் பட வேண்டும். 37 டிகிரியில் இன்னொரு வாட்டர் பாத் வைத்து, அதே பாராஃபில்ம், அதே எடை வளையம், அதே ஒரு மணி நேரம். அப்போதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஐந்து டிகிரி மட்டுமே என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியும். இன்குபேட்டரிலேயே இருந்த ஒரு ஃபிளாஸ்க்கையும் கூட வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதையும் 37 டிகிரி வாட்டர் பாத் கண்ட்ரோலையும் ஒப்பிட்டால், உங்கள் கை செல்லுக்கு எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பதே தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது

சூடு முடிந்ததும் ஃபிளாஸ்க்கைத் துடைத்து, 70 சதவீத ஆல்கஹால் தெளித்து, மூடியைத் தளர்த்தி, 37 டிகிரி இன்குபேட்டருக்குத் திருப்பி அனுப்புங்கள். உடனே செல்லைக் கரைத்துப் பார்த்தால் ஹெச்எஸ்பி70 புரதம் பெரிதாக இருக்காது. ‘வரவில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நேரத்தில் பார்த்தவர்கள்தான். ஹெச்எஸ்எஃப்1-இல் மாற்றம் சூட்டின்போதே தெரியும். எம்ஆர்என்ஏ ஓரிரு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு இறங்கும். புரதம் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்தில் நன்றாகச் சேர்ந்திருக்கும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் எளிதில் போகாது, மறுநாளும் இருக்கும்.

ஆகவே ஒரே நேரத்தில் நிறுத்தாமல் வரிசையாக எடுங்கள்: சூடு முடிந்த கையோடு ஒன்று, பிறகு 2, 4, 8, 24 மணி நேரங்களில் ஒவ்வொன்று. கடைசியில் எல்லா ஃபிளாஸ்க்கையும் ஒரே வேளையில் கரைக்கும்படி பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 24 மணி நேர ஃபிளாஸ்க்குக்கு முந்தின நாளே சூடு காட்டிவிட வேண்டும், 8 மணி நேரத்துக்கு உரியதற்கு மறுநாள் காலையில், இப்படியே. எல்லாச் செல்லும் ஒரே வயதில், ஒரே நெருக்கத்தில் கரையும். மாறுவது சூடு காட்டிய வேளை மட்டும்தான்.

கரைப்பது

பனிக்கட்டியில் குளிர்ந்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவி, திரவத்தை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, எஸ்டிஎஸ் என்ற கடும் டிட்டர்ஜென்ட் 2 சதவீதம் உள்ள பஃபரை நேரே செல்கள்மேல் ஊற்றிச் சுரண்டி எடுங்கள். மென்மையான டிட்டர்ஜென்ட் பஃபரில் கரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்பதை மட்டும் எடுப்பது பலருக்கும் பழக்கம். மற்ற சோதனைகளுக்கு அது பொருந்தும். இங்கே பொருந்தாது. சூடு பட்ட செல்லில் திரண்ட புரதங்கள் அடியில் படியும், அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹெச்எஸ்பி70-உம் சேர்ந்தே படியும். அடியில் இருப்பதை எறிந்தால் தேடி வந்ததில் ஒரு பங்கை எறிந்தாகிறது.

எஸ்டிஎஸ் ஊற்றியதும் டிஎன்ஏ வெளிவந்து சளிபோல் இழுபடும். பிப்பெட் முனையில் நூலாகத் தொங்கி, திரும்பத் திரும்பக் குழாய்க்குள்ளேயே விழும். 26 கேஜ் ஊசியால் இழுத்து இழுத்து விட்டாலோ, சற்று நேரம் சோனிகேட் செய்தாலோ தண்ணீராக இளகிவிடும். அப்படி இளகாத சாம்பிளை ஜெல்லில் ஏற்றினால் ஒரு குழிக்குள் போட்டது பக்கத்துக் குழிக்கும் தாவும்.

புரத அளவைப் பிசிஏ முறையில் பாருங்கள். பிராட்ஃபோர்டு முறைக்கு இந்த அளவு எஸ்டிஎஸ் ஆகாது. புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் டிடிடியையும் நீலச் சாயத்தையும் அளந்த பிறகே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பிசிஏவும் கெட்டுவிடும். பிறகு 95 டிகிரியில் ஐந்து நிமிடம். 10 சதவீத ஜெல்லில் ஒரு குழிக்கு 15 அல்லது 20 மைக்ரோகிராம் போதும்.

ஆன்டிபாடி வாங்கும்போதுதான் நிதானம் வேண்டும். சூட்டில் புதிதாக வருவது ஹெச்எஸ்பி70, சுமார் 72 கிலோடால்டன். எப்போதும் இருப்பது ஹெச்எஸ்சி70, சுமார் 73. இரண்டும் அச்சு அசல் உறவுக்காரர்கள். பல ஆன்டிபாடிகள் இரண்டையும் பிடிக்கும். அப்படி ஒன்றை வாங்கிவிட்டால் கண்ட்ரோலிலும் கறுப்பு, சூட்டிலும் கறுப்பு, சோதனையே நடக்காதது போலிருக்கும். சி92எஃப்3ஏ-5 என்ற மோனோகுளோனல் ஆன்டிபாடி புதிதாக வருவதை மட்டும் பிடிக்கும். வேறு எதை வாங்கினாலும், விளக்கத் தாளில் எது எதைப் பிடிக்கும் என்று படித்துவிட்டு வாங்குங்கள். சம அளவு ஏற்றியதைக் காட்ட எப்போதும் ஒரே அளவில் இருக்கும் ஆக்டின் அல்லது டியூபுலின் பட்டை போதும்.

அதே பிளாட்டில் சூடு முடிந்த கையோடு எடுத்த சாம்பிளுக்கு ஹெச்எஸ்எஃப்1 ஆன்டிபாடியும் போட்டுப் பாருங்கள். இதற்காகவே கரைக்கும் பஃபரில் பாஸ்பட்டேஸ் தடுப்பானைச் சேர்த்திருக்க வேண்டும். கண்ட்ரோலில் ஹெச்எஸ்எஃப்1 பட்டை ஒரே உயரத்தில் ஒழுங்காக நிற்கும். சூட்டுச் சாம்பிளில் அதே பட்டை மேலே ஏறி, விளிம்பு கலங்கி, புகைபோல் நீண்டிருக்கும். ஒவ்வொரு மூலக்கூறிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் பாஸ்பேட் ஏறியிருப்பதன் தடயம் அந்தப் புகை. 4 மணி நேரச் சாம்பிளில் அது கீழே இறங்கிப் பழைய இடத்துக்கு வந்திருக்கும், ஹெச்எஸ்பி70 பட்டையோ அப்போதுதான் தடித்துக்கொண்டு வரும். ஒன்று இறங்க மற்றொன்று ஏறுவதை ஒரே படத்தில் பார்ப்பதுதான் இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்த இடம். முதல்முறை பார்ப்பவர்களின் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இதைத் தவறாமல் செய்யச் சொல்கிறேன்.

எம்ஆர்என்ஏவை மட்டும் கியூபிசிஆரில் (டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கி அளக்கும் முறை) பார்ப்பதானால் ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த ஜீனில் இன்ட்ரான் இல்லை என்று மேலே சொன்னேனே, அது இங்கே வினையாகும். இன்ட்ரானைத் தாண்டிப் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏத் துண்டு) வைக்க வழியில்லாததால், ஆர்என்ஏவோடு ஒட்டி வந்த டிஎன்ஏவும் அப்படியே பெருகி எம்ஆர்என்ஏ போல வேடம் போடும். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் போடாமலும், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத கண்ட்ரோல் இல்லாமலும் வரும் எண்ணை ஏற்காதீர்கள்.

புதிதாகத்தான் வந்ததா

பட்டை தடித்தால் மட்டும் ஜீன் முடுக்கிவிடப்பட்டதாக ஆகாது. பழைய புரதம் சிதையாமல் சேர்ந்ததாகவும் இருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஒரு ஃபிளாஸ்க்கில் சூட்டுக்கு அரை மணி முன்பு ஆக்டினோமைசின் டி சேர்த்துவிடுங்கள், மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் கணக்கில். அது டிஎன்ஏவிலிருந்து படியெடுப்பதை நிறுத்திவிடும். சூடு காட்டியும் பட்டை எழாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. கடும் நஞ்சு அது. கையுறை, தனிக் கழிவுப் புட்டி இரண்டும் இல்லாமல் தொடக் கூடாது.

சூடே இல்லாமல் இதே பதிலை வரவைத்துப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். புரோலின் அமினோ அமிலத்தைப் போலவே இருக்கும் அஸெட்டிடின் கார்பாக்ஸிலிக் அமிலத்தை 5 மில்லிமோலார் அளவில் கொடுத்தால், செல் அதைப் புரோலின் என்று நம்பிப் புதுப் புரதங்களில் சேர்த்துவிடும். அந்தப் புரதங்களால் சரியாக மடிய முடியாது. சில மணி நேரத்தில் ஹெச்எஸ்பி70 எழும். மீடியம் முழு நேரமும் 37 டிகிரிதான்! சோடியம் ஆர்செனைட், பழுதான புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132, ஹெச்எஸ்பி90-ஐ முடக்கும் ஜெல்டனமைசின் எல்லாம் இதே முடிவுக்கு வெவ்வேறு வழியில் வருகின்றன.

செல்லின் வேறொரு பகுதியில் நெருக்கடி வந்தால் வேறு புரதம் வரும். துனிகாமைசின் கொடுத்து, செல் வெளியே அனுப்பும் புரதங்கள் மடியும் இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் மடிப்பைக் கெடுத்தால், ஹெச்எஸ்பி70-ஐ எதிர்பார்க்காதீர்கள். அங்கே காவல் பிப் என்ற 78 கிலோடால்டன் புரதத்தின் பொறுப்பு. அந்தப் பக்கத்துச் சேதியை ஐஆர்இ1, பெர்க், ஏடிஎஃப்6 என்ற மூன்று புரதங்கள் கருவுக்குக் கொண்டுபோகின்றன. ஐஆர்இ1 வேலை செய்ததா என்று பார்க்க எளிய வழி, எக்ஸ்பிபி1 எம்ஆர்என்ஏவிலிருந்து 26 எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பிசிஆரில் பார்ப்பது. நேர ஒழுங்கும் கண்ட்ரோல் ஒழுங்கும் மேலே சொன்னபடியே.

ஈஸ்ட்டில் பார்ப்பது

ஆன்டிபாடிக்கும் செல் வளர்ப்புக்கும் வசதி இல்லாதவர்களுக்கு ஈஸ்ட் இருக்கிறது. இங்கே புரதத்தைப் பார்ப்பதில்லை, அது தரும் பாதுகாப்பைப் பார்க்கிறோம். எனக்குக் கேட்டால், பாதுகாப்பைக் கண்ணால் காணாதவர்கள் பட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போவது பாதிப் படிப்புதான்.

ஆய்வுக்கூட ஈஸ்ட் ரகத்தை ஒய்பிடி என்ற ஈஸ்ட் மீடியத்தில் 25 டிகிரியில் வளர்த்து, ஒளி அடர்த்தி (கல்ச்சர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற கணக்கு) 0.4 அளவில் எடுங்கள். முற்றிப்போன கல்ச்சர் உதவாது. சர்க்கரை தீர்ந்து வளர்ச்சி நின்ற ஈஸ்ட் ஏற்கெனவே சூடு தாங்கும் நிலைக்கு வந்துவிட்டிருக்கும். பாதியை 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள், மறுபாதி 25-லேயே இருக்கட்டும். பிறகு இரண்டிலிருந்தும் 100 மைக்ரோலிட்டரை மெல்லிய பிசிஆர் குழாய்களில் எடுத்து, பிசிஆர் இயந்திரத்தில் 50 டிகிரியில் 0, 5, 10, 20 நிமிடம் வைத்துப் பனிக்கட்டிக்கு மாற்றுங்கள். இயந்திரத்தின் மூடிச் சூட்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் குழாய் மேலிருந்தும் வேகும். பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 5 மைக்ரோலிட்டர் துளிகளாகப் பிளேட்டில் வைத்து, 30 டிகிரியில் இரண்டு நாள் விடுங்கள்.

நேரே 50-க்குப் போனது 10 நிமிட வரிசையிலேயே அருகிப் போயிருக்கும். முன்பே 37-ஐப் பார்த்துவிட்டு வந்தது, அதே 10 நிமிட வரிசையில், பல மடங்கு நீர்த்த துளியிலும் வளர்ந்திருக்கும். இதே வரிசையை ஹெச்எஸ்பி104 ஜீன் நீக்கப்பட்ட ரகத்திலும் செய்யுங்கள். 1990-இல் சான்செஸும் சூசன் லிண்ட்குவிஸ்ட்டும் காட்டியபடி, அந்த ரகத்துக்கு 37 டிகிரி முன்னோட்டம் கொடுத்தாலும் நேரம் நீள நீள அது பின்தங்கிவிடும். ஹெச்எஸ்பி104 செய்வது விசித்திரமான வேலை. ஏற்கெனவே திரண்டு ஒட்டிப்போன புரதங்களை அது சங்கிலி சங்கிலியாக இழுத்துப் பிரித்து, மறுபடி மடிய அனுப்புகிறது.

இந்தப் பிளேட்டை வைத்து ‘எல்லாப் பாதுகாப்பும் புரதத்தால்தான்’ என்று எழுதிவிடாதீர்கள். 37 டிகிரியில் ஈஸ்ட் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையையும் சேர்த்துக்கொள்கிறது, அதற்கும் இதில் பங்குண்டு. நீக்கப்பட்ட ரகத்துக்கும் முழு ரகத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் ஹெச்எஸ்பி104-இன் பங்கு. அதற்குமேல் உரிமை கொண்டாட இந்தச் சோதனை இடம் கொடுக்காது.

எந்த வகையில் செய்தாலும் வெவ்வேறு நாட்களில் புதிதாக வளர்த்த செல்களில் மூன்று முறை செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று ஃபிளாஸ்க் வைப்பது மூன்று முறை ஆகாது. குறிப்பேட்டில் ‘42 டிகிரி, 1 மணி’ என்று எழுதினால் போதாது. கம்பி காட்டிய வெப்பம், 42-ஐத் தொட எடுத்த நிமிடங்கள், எத்தனை மணி நேரம் 37-இல் ஆறியது, கடைசியாக மீடியம் மாற்றியது எப்போது, செல்களைப் பிரித்து எத்தனை நாள் ஆயிற்று, ஆன்டிபாடியின் குளோன் எண் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.